சமையலறை இப்போது வலப்பக்கம்

அப்பாவுக்குக் கண் போய்விட்டது என்று சொன்னால் எல்லோரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "வெடியிலயா?" எங்கள் பக்கத்தில் அது இயல்பான கேள்வி. முப்பத்தோரு வருடம் பட்டாசுக் கம்பெனியில், அதிலும் மருந்து கலக்கும் வேலையில் இருந்தவர். பட்டாசுக்குள் போகும் ரசாயனக் கலவைக்கு இங்கே மருந்து என்று பெயர். அந்த மருந்தால் அவருக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. கண்ணைத் தின்றது சர்க்கரை. முதலில் இடது, எட்டு மாதம் கழித்து வலது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். "சன்னல் எங்கன இருக்குன்னு சொல்லிருவேன். சன்னல்ல யாரு நிக்கிறான்னு கேக்காத" என்பார்.

சாத்தூர் பக்கத்து ஊரிலிருந்து அவரை விருதுநகருக்கு என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அதற்கான காரணங்களை நோட்டில் எழுதி வைத்தேன். எதையும் எழுதிப் பார்க்காமல் என்னால் முடிவெடுக்க முடியாது. ஒன்று, ஆஸ்பத்திரி பக்கம். இரண்டு, தரைத்தள வீடு, மாடிப்படி இல்லை. மூன்று, பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார். நான்காவது காரணத்தை எழுதவில்லை. அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஹாஸ்டல், வேலை, இந்த வீடு என்று ஆறு வருடமாக நான் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது எதிரில் ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணமாக எழுதக்கூடியதாகத் தோன்றவில்லை.

ஊரில் அப்பாவின் வீட்டுக்கு அடுத்த வீடு சித்தப்பாவுடையது. அதுவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டது சித்தப்பாவும் சித்தியும்தான். சித்தப்பா தன் லோடு ஆட்டோவில் அப்பாவையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏத்தா, நீ ஏழேகாலுக்கு வண்டி ஏறுனா ஆறரைக்கு வர்ற. அம்புட்டு நேரமும் மனுசன் தனியா என்ன செய்வாரு?"

"பழகிருவாங்க சித்தப்பா."

"ஒரு மாசம் பாரு. பகல்ல அவரு தனியா இருந்துருவாருன்னு நீயே உன் வாயால சொல்லு, நான் ஒண்ணும் பேசல. முடியலன்னா இதே வண்டியில ஏத்திட்டுப் போயிருவேன்."

"நான் என்ன லோடா, ஏத்தி எறக்க?" என்றார் அப்பா. ஆனால் அந்தக் கணக்கு அவருக்கும் சம்மதம்தான். ஒரு மாதம். நோட்டில் முதல் பக்கத்தில் கடைசித் தேதியை எழுதினேன்.

என் வேலை சிவகாசியில் ஓர் அச்சகத்தில். ஓடும் அட்டைகளைக் கேமரா படம் பிடிக்கும். அச்சில் குறை இருந்தால் மெசின் அதை ஒதுக்கித் தள்ளும். எது குறை, எது குறையில்லை என்று அந்த மெசினுக்குப் பழக்குவது நான். முதலில் காலண்டருக்குப் பழக்கினோம். ஆயிரக்கணக்கான காலண்டர் தாள்களைக் காட்டி, மை ஈரமாக இருந்தால் மினுங்கும், மினுங்கினால் தள்ளு என்று கற்றுக்கொடுத்தோம். பிறகு பட்டாசுப் பெட்டி ஆர்டர் வந்தது. பெட்டியில் தங்க நிறத் தகட்டில் எழுத்து பதிக்கிறார்கள். முதல் நாள் மெசின் ஒரு பெட்டியைக்கூட விடவில்லை. எல்லாம் மினுங்கியது, எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

இதற்கு ஒரு வழி உண்டு. கற்றதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கக் கூடாது. கோடு எது, விளிம்பு எது, நிறம் எங்கே மாறுகிறது என்று அடியில் கற்றவை எல்லா வேலைக்கும் பொது. அவற்றைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, மேலே இருக்கிற முடிவெடுக்கும் பகுதியை மட்டும் புதிதாகப் பழக்க வேண்டும். கொஞ்சம் பெட்டிகளைக் காட்டினாலே போதும், பிடித்துக்கொள்ளும். மனித மூளையும் ஏறக்குறைய இப்படித்தான் என்று படித்திருக்கிறேன். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் மொபெட்டை விழாமல் பிடிப்பதும், இங்கே தட்டச்சு படித்தவர் அங்கே கணினியில் வேகமாக அடிப்பதும் அதனால்தான். புதிய இடத்தில் முதலில் பழைய தடத்தில்தான் கால் வைக்கும். தடம் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்பது இடித்த பிறகுதான் தெரியும்.

அப்பா இடித்தார். ஊர் வீட்டில் நுழைந்ததும் இடப்பக்கம் அடுப்படி. கட்டிலிலிருந்து பதினோரு தப்படி நேராக நடந்தால் பின்கதவு, அதைத் தாண்டினால் தண்ணீர்க் குழாய். விருதுநகர் வீட்டில் சமையலறை வலப்பக்கம். கட்டிலிலிருந்து பதினோரு தப்படி நேராக நடந்தால் வாசல் கேட், அதைத் தாண்டினால் தெரு. முதல் நாள் விடியும்போது அவர் எழுந்து, பதினோரு தப்படி நடந்து, இடுப்பில் துண்டும் கையில் சொம்புமாகத் தெருவில் நின்றார். இரவு டூட்டி முடிந்து வந்த பக்கத்து வீட்டு நர்ஸ்தான் பார்த்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

"ஐயா, இது ரோடு."

"தெரியுதும்மா. கொளாயத்தான் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே கைபிடித்து உள்ளே அழைத்து வந்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று முழுவதும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

ஒரு வாரம் விடுமுறை எடுத்திருந்தேன். மெசினுக்குச் செய்ததையே அப்பாவுக்கும் செய்வதாக முடிவு செய்தேன். அடியில் இருப்பது நடை, தப்படிக் கணக்கு, சுவரைத் தொட்டுப் போகும் பழக்கம். அவற்றைத் தொட வேண்டாம். மேலே இருக்கும் வீட்டின் வரைபடத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஆணியடித்து இடுப்பு உயரத்தில் சணல் கயிறு கட்டினேன். ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் உப்புத்தாளைச் சதுரமாக வெட்டி ஒட்டினேன்: ஒரு சதுரம் என்றால் சமையலறை, இரண்டு என்றால் குளியலறை, மூன்று என்றால் வாசல். தப்படி எண்ணிக்கையைப் பாட்டுப்போல அவரைச் சொல்ல வைத்தேன். மாலையில் நோட்டில் எழுதினேன். முதல் வாரக் கணக்கு: நெற்றி இரண்டு, முழங்கால் ஐந்து, உடைந்த டம்ளர் மூன்று.

"எண்ணும்போது யோசிக்கணும் தாயி. யோசிச்சா கால் நின்னு போகுது" என்றார்.

"பழகிரும்ப்பா. சுவரைத் தடவிக்கிட்டே போங்க. தாள் கையில படும்."

"தடவுறேன், தடவுறேன்."

தடவவில்லை. அறையின் நட்டநடுவில், இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நடந்தார். கயிற்றையும் பிடிக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் நானே அவர் உள்ளங்கையைப் பிடித்து உப்புத்தாளின் மேல் வைத்துத் தேய்த்தேன். சூடுபட்டதுபோலக் கையை உதறி எடுத்துக்கொண்டார்.

"இதை எவ ஒட்டுனா?"

"நான்தான்ப்பா."

"உரசுற தாளைச் செவுத்துல ஒட்டிட்டு அதைத் தடவு தடவுங்கிற. நீ யாரு மகள்னு வெளிய சொல்லிராத தாயி."

எனக்கு முகம் சுட்டது. தெரியாத விஷயமா? மருந்து அறையில் சொரசொரப்பான எதையும் தொடக் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது. உரசினால் பற்றும். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாங்கள் பானையைக்கூடத் தூக்கித்தான் நகர்த்துவோம். கல்லூரி ஹாஸ்டலில் நான் நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைப்பதைப் பார்த்து அறைத்தோழிகள் சிரிப்பார்கள். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது. என் கை மறக்காததை என் நோட்டு மறந்துவிட்டிருந்தது. அன்று உப்புத்தாளையெல்லாம் கிழித்தேன். பசை சுவரில் தங்கிவிட்டது. ஒன்பது நாள் வீண்.

மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மதியம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதாக சிஸ்டர் சொன்னார். சாப்பாட்டைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனேன். மாலையில் வந்தால், காலையில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே இருந்தார். மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் சிஸ்டர் கேட் அருகே என்னை நிறுத்தினார்.

"உங்கப்பா ரொம்ப பக்தியா?"

"இல்லையே சிஸ்டர். இருக்கன்குடி கோயிலுக்கே சித்தி இழுத்துட்டுப் போனாத்தான் போவாங்க."

"பெறகென்ன, மத்தியானம் நான் வெளியில காத்து வாங்க உக்கார வச்சா, திரும்ப உள்ள வரப்பல்லாம் கேட்டை உள்ளங்கையால தொட்டு ஒரு நிமிசம் நிக்கிறாரு. எங்க சர்ச்சுல தண்ணி தொட்டுட்டுப் போற மாதிரி. அதுக்கப்புறம் உள்ள கட்டில் வரைக்கும் சும்மா கிடுகிடுன்னு போறாரு. கேட்டைத் தொடாம வந்தாத்தான் தடுமாறுறாரு."

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். தகட்டிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் ஒரு சின்னப் பொறியாகத் தெறித்தாலும் போதும், அறையே போய்விடும். அதனால் உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், முதலாளியே ஆனாலும், செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் கால் எடுத்து வைக்க வேண்டும். அப்பா முப்பத்தோரு வருடம், ஒரு நாளைக்கு எத்தனை முறையோ, அதைச் செய்தவர். கையை வைத்ததும் இனி எத்தனை தப்படி, எந்தப் பக்கம் என்பதெல்லாம் காலுக்கே தெரிந்துவிடும் அவருக்கு. நான் அடியில் இருப்பது நடை என்று நினைத்தேன். அவருக்கு அடியில் இருந்தது கம்பெனி.

சனிக்கிழமை பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் செம்புத் தகடு கேட்டேன். உள்ளங்கை அளவில் நான்கு.

"வீட்டு வாசலுக்கா? பேரு வெட்டித் தரணுமா?"

"வேண்டாம். சும்மா தகடு போதும்."

"பேரில்லாத தகடா?" என்று கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை வாசல், படுக்கையறை, குளியலறை, சமையலறை என்று ஒவ்வொரு கதவு நிலைக்கும் வலப்பக்கம், தோள் உயரத்தில் ஆணியடித்தேன். மண்ணுக்குக் கம்பி போடவில்லை. அப்பாவை வாசலில் நிறுத்தி, கையை எடுத்துத் தகட்டில் வைத்தேன். விரல்களை விரித்து உள்ளங்கையை அழுத்தினார். பிறகு கூன் நிமிர்ந்தது. நெஞ்சோடு ஒட்டியிருந்த கைகள் கீழே இறங்கின.

"இது எத்தனாம் நம்பர் ரூமு?"

"ஒண்ணாம் நம்பர்ப்பா."

"அடுப்படி?"

"நாலு. வலப்பக்கம்."

"அப்ப நாலுதான் மருந்து ரூமு" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். வலப்பக்கம் திரும்பினார். சமையலறைத் தகட்டில் கை வைத்தார். நான் பின்னாலேயே போனேன், தேவைப்படவில்லை. அந்த வாரக் கணக்கில் நெற்றி, முழங்கால், டம்ளர் எல்லாவற்றுக்கும் நேரே சுழியம்.

மெசின் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டதைவிட வேகமாக அப்பா வீட்டைப் பிடித்துக்கொண்டார். தானே குளித்தார். தானே காபியை ஆற்றிக் குடித்தார். திங்கட்கிழமை மதியம் எட்டிப் பார்த்த சிஸ்டர், "நான் கதவைத் தட்டுறதுக்குள்ள வந்து திறக்குறாரு" என்றார். அச்சகத்தில் மதியச் சாப்பாட்டின்போது சித்தப்பாவுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். "பாப்போம்" என்றார். "மாசக் கடைசி ஞாயித்துக்கெளமை வாரேன். நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்."

ஆனால் வந்தது நடை மட்டுமில்லை. மருந்து கலக்கும் வேலை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும். அதனால் அப்பா பத்து மணிக்கு மேல் சமையலறைக்குள் போக மாட்டார். மதியச் சாப்பாட்டுத் தூக்கை ஒன்பதுக்கே எடுத்துவந்து முன்னறையில் வைத்துக்கொள்வார். மருந்து கலக்கும்போது அறையில் ஆள் கூடக் கூடாது. அதனால் நான் அடுப்புப் பற்றவைத்தால் கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். வேலை நேரத்தில் பேசக் கூடாது. இதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. முதல் பத்து நாள் இடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தவர், இப்போது வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறப்பதில்லை. நான் அலுவலகக் கதை எதையாவது சொன்னால், "ம்" என்பார். கேட்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்தால்தான் பழைய அப்பா வருவார்.

"உன் மெசினுக்குக் கண்ணு இருக்கு, மூளை இல்ல. எனக்கு மூளை இருக்கு, கண்ணு இல்ல. ரெண்டு பேருக்கும் கலியாணத்தைப் பண்ணி வச்சுட்டு நீ நிம்மதியா இரு" என்று ஒருநாள் படியில் உட்கார்ந்து சொன்னார். நான் சிரித்தேன். உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம். எதிரில் ஓர் ஆள் இருந்தார். தட்டில் விரல் படும் சத்தம் மட்டும் கேட்டது.

கம்பெனி வண்டி ஆட்களைக் கூட்டிப்போக வரும் ஐந்து மணி ஆனால் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவார் என்று சிஸ்டர் சொன்னார். ஒரு மாலை நான் வண்டியிலிருந்து இறங்கி வரும்போது படியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். காலடி கேட்டதும், "வண்டி வந்துருச்சா? வீட்டுக்குப் போவமா?" என்றார். "அப்பா, நான்" என்றேன். "ஆங், நீயா" என்று எழுந்து, தகட்டைத் தொட்டு, உள்ளே போனார். இதை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மாதக் கடைசி ஞாயிறு சித்தப்பா வந்தார். சுவரெல்லாம் பசைத் தடமும் தகடுமாக இருந்ததைப் பார்த்து, "ஏத்தா, இது வீடா, கவர்மெண்டு ஆபீசா?" என்றார். அப்பாவுக்கு அன்று நல்ல உற்சாகம். தம்பி முன்னால் குளியலறைக்குப் போய் வந்தார், கட்டிலுக்குப் போய் வந்தார். "எங்கனயாச்சும் இடிச்சேனா? சொல்லு." சித்தப்பாவுக்காக நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மணி ஒன்பது ஆகவில்லை. அடுப்பு எரிந்தால் வெளியே போய்விடும் அப்பா அன்று சமையலறைத் தகட்டைத் தொட்டு உள்ளே வந்தார். தம்பிக்குத் தானே தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டுமாம். குடத்தைச் சரியாகத் தொட்டார். சொம்பில் சரியாக மொண்டார். பின்னாலேயே வந்து நின்ற சித்தப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், சரிதான் என்பதுபோல. நான் கரண்டியோடு ஒதுங்கி வழிவிட்டேன். அவர் திரும்பியபோது சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தளும்பிக் காய்ந்த தோசைக்கல்லில் விழுந்தது.

சுர்ரென்றது.

சொம்பு தரையில் விழும் முன்பே அப்பா அறையில் இல்லை. என்னை உரசிக்கொண்டு போனார், சித்தப்பாவைத் தோளால் தள்ளிவிட்டுப் போனார். எங்கேயும் இடிக்கவில்லை. ஒரு தப்படி பிசகவில்லை. கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி ஓடினார். ஒரு மொபெட் பிரேக் பிடித்துச் சாய்ந்தது. ஓட்டியவர் காலை ஊன்றிக்கொண்டார், அடி ஒன்றுமில்லை. எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி அப்பா குப்புறப் படுத்திருந்தார். இரண்டு கையும் பிடரியில். படுத்தபடியே கத்தினார்: "எத்தன பேரு வெளிய? எண்ணிச் சொல்லுங்க, எத்தன பேரு?"

"எல்லாரும் இருக்கோம்ணே. தோசைக்கல்லுண்ணே" என்று சித்தப்பா ஓடிப்போய்த் தூக்கினார்.

கட்டிலில் உட்காரவைத்து, முழங்கையில் சிராய்ப்பைத் துடைத்தேன். சித்தப்பா சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தார். "தோசைக்கே இம்புட்டு ஓட்டம். பூரி சுட்டா சாத்தூருக்கே வந்து நிப்பீக போல." அப்பா சிரிக்கவில்லை.

"ரூமுல மூணு பேரு இருந்தோம். நான் ஒருத்தன் ஓடுனேன்" என்றார்.

"அதுதானப்பா முறை? யாரும் யாரையும் பாக்கக் கூடாது, அவங்கவங்க பக்கத்துக் கதவுல ஓடணும். நீங்கதான சொல்லுவீக."

"அது கம்பெனியில."

"இங்க மட்டும் என்னப்பா?"

"வீட்டுல புள்ளைய இளுத்துக்கிட்டுத்தான் ஓடணும் தாயி."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏழு வயதில் ஊர் வீட்டு அடுப்படியில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. அப்பா என்னைத் தட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினார். குழாயடியில் இறக்கிவிட்டபோதும் என் கையில் சோறு இருந்தது. அப்போதும் அவருக்கு மருந்து கலக்கும் வேலைதான், காலையில் கலக்கிவிட்டு வந்த அதே ஆள். ஆனால் ஊர் வீட்டுக்குள் கம்பெனிக் கால்கள் வந்ததில்லை. அங்கே வேறு கால்கள் இருந்தன.

நான் பேசினேன். தகடுகளைப் பிடுங்கிவிடலாம், அடுப்பை நான் இருக்கும்போது மட்டும் பயன்படுத்தலாம், வேறு அடையாளம் வைத்து முதலிலிருந்து பழக்கலாம், இன்னும் ஒரு மாதம் கொடுத்தால் போதும் என்று வரிசையாகச் சொன்னேன். ஆச்சரியமாக சித்தப்பா என் பக்கம் வந்தார். "புள்ள சொல்றதும் சரிதாண்ணே. இன்னொரு மாசம் பாப்பமே. வண்டி எங்க போகுது?"

அப்பா என் குரல் வந்த திசைக்குத் திரும்பினார். "தகட்டை அடிச்சது நீ. அதைக் குத்தம் சொல்லல. அது இல்லன்னா நான் கட்டிலுலயே கெடந்துருப்பேன். ஆனா எனக்கு இது வீடா ஆகல தாயி, கம்பெனியா ஆகிருச்சு. முப்பத்தோரு வருசம் பாத்தாச்சு. இனிமேலும் என்னைய டூட்டியில வைக்காத."

டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கினேன். மாத்திரைகளை காலை, மதியம், இரவு என்று எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். வண்டி ஏறுமுன் அப்பா வாசல் தகட்டைத் தேடித் தொட்டார். வெளியே போகும்போது தொடும் வழக்கம் கம்பெனியில் கிடையாது. அன்று தொட்டார்.

இரண்டாம் ஞாயிறு ஊருக்குப் போனேன். சாத்தூரில் இறங்கி வேறு பஸ் மாறிப் போய்ச் சேரும்போது நடுப்பகல். தெரு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. பட்டாசு சீசன் என்பதால் ஞாயிறும் வேலை. தெருவில் ஆளே இல்லை. வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து பேச்சுக் குரல் தெருவரை கேட்டது. சித்தி கொண்டுவந்த குழம்பில் உப்பு இல்லை என்று அப்பா குறை சொல்லிக்கொண்டிருந்தார்; சர்க்கரைக்காரருக்கு நாக்கு மட்டும் நீளம் என்று சித்தி திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். வலது கை தானாக உயர்ந்து, தோள் உயரத்தில் நிலையைத் தொட்டது. மரம். தகடு இல்லை.

வெயிலிலிருந்து உள்ளே வந்ததில் கண் ஒன்றும் தெரியவில்லை. தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குத் திரும்பினேன். நெற்றி சுவரில் மோதியது.

"யாரது, வலப்பக்கம் போறது?" என்றார் அப்பா.

"நான்தான்ப்பா."

"அங்கன செவுருதான் இருக்கு தாயி. அடுப்படி இந்தப் பக்கம்."

அவர் எழுந்து, எதையும் தொடாமல், எதையும் எண்ணாமல், பேசிக்கொண்டே வந்தார். "பொறந்து வளந்த வீட்டுல எவளாச்சும் முட்டிக்குவாளா?" என்று என் முழங்கையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். சித்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். குடத்திலிருந்து அவரே மொண்டு கொடுத்தார், ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மாலை பஸ்ஸில் விருதுநகர் திரும்பினேன். பஸ்ஸில் நோட்டைத் திறந்து, நீண்ட நாளைக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதினேன்: நெற்றி ஒன்று. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரைப் போட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்து, தகட்டில் கை வைத்துவிட்டு, விளக்குப் போடாமலேயே வலப்பக்கம் திரும்பி, சமையலறைக்குப் போனேன்.